கோழிக்காலும் பிக்கில் தரையும்

என் வீட்டுப் பின்பக்கக் குளியலறைத் தரையில் ஒரு கோழியின் கால்தடம் இருக்கிறது. ஒரு தடம் அல்ல. கதவருகே நுழைந்து, தண்ணீர்த் தொட்டிவரை போய், அங்கே ஏதோ யோசித்து, மனம் மாறித் திரும்பி வந்த அதன் முழுப் பயணமும் பதிவாகியிருக்கிறது. சிமென்ட் ஈரமாக இருக்கும்போது கோழி நடந்தால் தடம் விழும். அதில் சொல்ல ஒன்றுமில்லை. இந்தக் கோழி நடந்தது தரை போட்டு ஒரு வாரம் கழித்து. அந்தத் தரைக்குக் கலவை சொன்ன விஞ்ஞானி நான்.

நெல் உமிச் சாம்பலில் சிலிக்கா நிறைய இருக்கிறது என்று ஒரு கட்டுரையில் படித்தேன். நுண்ணிய சிலிக்கா கான்கிரீட்டை உறுதியாக்கும் என்று இன்னொரு கட்டுரையில் படித்தேன். இரண்டும் உண்மை. இரண்டு உண்மைகளுக்கும் நடுவே ஒரு பள்ளம் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. கணியம்பாடிப் பக்கம் ஒரு ரைஸ் மில்லில் கொதிகலனிலிருந்து வாரிக்கொட்டிய சாம்பல் குவிந்து கிடந்தது. "எடுத்துனு போங்க சார், இடமாவது காலியாவும்" என்றார்கள். இலவசம் என்றதும் என் அறிவியல் தாகம் இரண்டு மடங்காகிவிட்டது.

உமியை ஒரு பக்குவத்தில் எரித்து, மாவாக அரைத்தால்தான் அந்தச் சிலிக்கா வேலை செய்யும். மில்லில் எரிப்பது நெல் அவிக்க. என் குளியலறையை மனதில் வைத்து அல்ல. அந்தக் கறுப்புச் சாம்பலில் கணிசமான பங்கு கரி. கரிக்குத் தெரிந்த ஒரே காரியம் தண்ணீர் குடிப்பது. அது குடிக்கக் குடிக்க மேஸ்திரி ஊற்றினார். கடைசியில் கிடைத்தது தரை அல்ல, கொஞ்சம் கெட்டியான கேழ்வரகுக் களி. வீட்டுக்கு வருகிறவர்களிடம் அது டிசைன் என்று சொல்லி வந்தேன். என் அக்கா மட்டும் நம்பவில்லை. கோழியையும் நேரில் பார்த்தவள் அவள்.

அக்காவைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். ஆம்பூருக்கு வெளியே அவளுக்குத் தோல் பதனிடும் ஒரு சின்ன டேனரி இருக்கிறது. மாமா காலமானபின் எல்லோரும் விற்றுவிடச் சொன்னபோது, விற்காமல் தானே உட்கார்ந்து நடத்துகிறாள். பெரிய கம்பெனிகளிடமிருந்து ஆட்டுத்தோலை வாங்கி, ரோமம் நீக்கி, சுண்ணாம்பு எடுத்து, குரோம் ஏற்றி, நீல நிறத்தில் ஈரமாகத் திருப்பிக் கொடுக்கும் ஜாப் வொர்க். அந்த நிலைத் தோலுக்கு வெட் ப்ளூ என்று பெயர். பத்துப் பதினைந்து பேர் அவளை நம்பி இருக்கிறார்கள். நானும் ஒரு வகையில் அவளை நம்பித்தான் இருக்கிறேன். என் பிழைப்பு வேலூரிலிருந்து பைக்கில் கிளம்பி ஆம்பூர், பேரணாம்பட்டு என்று அலைந்து தோல் ரசாயனம் விற்பது. அக்கா என்னிடம் வாங்குவாள். தம்பி என்பதால் ஜாஸ்தி தள்ளுபடி கேட்டு வாங்குவாள்.

குரோம் ஏற்றுவதற்குமுன் தோலை உப்பிலும் அமிலத்திலும் போட்டுப் பெரிய மர டிரம்மில் சுற்றுவார்கள். அதற்குப் பிக்கில் என்று பெயர். ஊறுகாயைப் போலவேதான், சாப்பிட முடியாது என்பது தவிர. டிரம்மைத் திறக்கும்போது அந்தத் தண்ணீர் கீழே தரையில் கொட்டும். எந்தத் தரையும் அதைத் தாங்காது. அக்கா ஒவ்வொரு வருஷமும் பொங்கலுக்கு வெள்ளையடிப்பதுபோல பிக்கில் தரைக்கு சிமென்ட் பூசுவாள். ஆடி மாதத்துக்குள் மேல்பூச்சு மாவாகி, ஜல்லி பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும். அதற்கு அடியில் விரிசல். விரிசல் வழியே உப்புத் தண்ணீர் மண்ணில் இறங்கியது. பக்கத்துத் தென்னந்தோப்புக்காரர் தன் கிணற்றுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு புகார் கொடுக்கப் போனார்.

மாசுக் கட்டுப்பாட்டு இன்ஜினியர் வந்தார். நடுத்தர வயது அம்மா. குரலை உயர்த்தாமலே பயமுறுத்தத் தெரிந்தவர். தரையைச் செருப்பு முனையால் ஒரு தட்டுத் தட்டினார். ஒரு சில்லு பெயர்ந்து ஓடியது.

"அடுத்த வாட்டி வருவேன். தண்ணி கட்டி நிறுத்திப் பாப்பேன். இறங்குச்சின்னா மூடச் சொல்லி எழுதுறதத் தவிர எனக்கு வேற வழி இல்லம்மா" என்றார்.

அக்கா அன்று மாலை எனக்குப் போன் செய்தாள். "டேய், நல்ல மேஸ்திரி யாருனா தெரியுமா?"

"தெரியும். அதோட எனக்கு ஒரு யோசனையும் இருக்கு."

"மேஸ்திரிய மட்டும் அனுப்பு" என்று வைத்துவிட்டாள்.

மேஸ்திரியை என் பைக்கிலேயே ஏற்றிக்கொண்டு போனேன். வேறு வண்டி கிடைக்கவில்லை என்று சொன்னேன். நெடுஞ்சாலையில் வேலூருக்கும் ஆம்பூருக்கும் இடையே நிமிஷத்துக்கு ஒரு பஸ் ஓடுகிறது என்பது அக்காவுக்குத் தெரியும். டீ கொடுத்தாள். அந்த டீ ஆறுவதற்குள் என் கட்சியைச் சொல்லிவிட வேண்டியிருந்தது.

"அக்கா, தோல்ல சுண்ணாம்பு மிச்சம் நின்னா இன்னா ஆவும்?"

"வெறைச்சிப் போவும். டீலைம் பண்ணி எடுக்கணும். இதுகூடத் தெரியாமயா ரசாயனம் விக்கிறே?"

"சிமென்ட்லயும் அதே கதைதான். தண்ணி சேர்ந்ததும் சிமென்ட் ஒரு பசை ஆவுது. அதுதான் ஜல்லியையும் மணலையும் புடிச்சிக்கிது. ஆனா கூடவே கொஞ்சம் சுண்ணாம்பும் வெளிய வருது. அது ஒரு வேலையும் செய்யாது, சும்மா உக்காந்திருக்கும். ஆசிட் வந்தா மொதல்ல கரையறதும் அதுதான். அது கரைஞ்ச ஓட்டை வழியாதான் உன் தண்ணி தோப்புக்குப் போவுது. அதுக்குத்தான் ஒரு சிலிக்காப் பொடி இருக்குது."

"அப்ப உன் பொடி அந்தச் சுண்ணாம்ப வெளிய எடுத்துடுமா?"

"எடுக்காது. புடிச்சி வேலைக்கு வெச்சிடும். சிலிக்காவும் சுண்ணாம்பும் சேர்ந்து, சிமென்ட் செய்யற அதே பசையா மாறிடும்."

அக்கா டம்ளரைக் கீழே வைத்தாள். "சும்மா உக்காந்திருக்கிறவங்கள புடிச்சி வேலைக்கு வெக்கிற பொடி ஒண்ணு இருக்குதுன்னு உன் காலேஜ் நாள்லயே தெரியாமப் போச்சேடா."

மேஸ்திரி இருமினார். சிரிப்பை மறைக்கிற இருமல். நான் கண்டுகொள்ளாமல் அடுத்த பகுதிக்குப் போனேன். நம் ஊர் ஷேர் ஆட்டோவை எண்ணிப் பாருங்கள். உள்ளே பெரியவர்கள் உட்கார்ந்தாயிற்று. முழங்கால்களுக்கு நடுவே பள்ளிப் பிள்ளைகள் நின்றாயிற்று. இனி ஈ நுழையாது என்று நாம் நினைக்கும்போது டிரைவர் இன்னொருவரை எங்கேயோ சொருகுவார். கான்கிரீட்டில் ஜல்லி பெரியவர், மணல் பிள்ளை, சிமென்ட் கைக்குழந்தை. அதற்குப் பிறகும் இடுக்கு மிச்சம் இருக்கிறது. அந்த இடுக்கில் தண்ணீர் நடமாடும். சிமென்ட்டைவிடப் பல மடங்கு நுண்ணிய பொடி ஒன்றால்தான் அங்கே போய் உட்கார முடியும். இரும்போடு சிலிக்கானை உருக்கும் உலைகளில் எழும் புகையை வடிகட்டிப் பிடித்தால் கிடைப்பது அது. மைக்ரோ சிலிக்கா என்று மூட்டையில் விற்கிறார்கள். உமிச் சாம்பலின் படித்த, வேலைக்குப் போகும் அண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம்.

அக்கா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். முதலில் ஷெட்டுக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாத இடத்தில், ஒரு பாய் அளவுக்குப் போட்டுக் காட்ட வேண்டும்.

மூட்டை வந்தது. தூக்கினால் பஞ்சு மாதிரி, பிரித்தால் பேய் மாதிரி. பாதிப் பொடி காற்றிலேயே நின்றது. மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு நான் நிமிர்ந்தபோது, நெற்றி முதல் நெஞ்சு வரை சாம்பல் பூத்து, மலையிலிருந்து இறங்கிவந்த சித்தர் போலிருந்தேன். ஷெட்டில் வேலை செய்யும் ஒரு பெண் என்னைக் கும்பிடுவதுபோலக் கையெடுத்துவிட்டு, அடையாளம் தெரிந்ததும் கையை இறக்கிக்கொண்டாள்.

எட்டு சதவீதம் சேர்க்கும்படி மூட்டை விற்ற கடைக்காரர் சொல்லியிருந்தார். கணக்குப் போட்டு, எடை போட்டு, கொட்டினேன். மண்வெட்டி கலவைக்குள் போனது. வெளியே வர மறுத்தது. மேஸ்திரியின் கரணையில் ஒட்டியது, மட்டப்பலகையில் ஒட்டியது, அவர் மீசையிலும் கொஞ்சம்.

"இது கலவை இல்ல சார், கோந்து" என்றார் மேஸ்திரி. நான் திரும்பிய நேரத்தில் இரண்டு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டார். மறுநாள் போய்ப் பார்த்தேன். அந்தப் பாய் அளவு இடம், கோடையில் ஏரிக்கரையைப் பார்ப்பதுபோல, கட்டம் கட்டமாக வெடித்துக் கிடந்தது. நகத்தால் கீறினால் மாவு வந்தது.

அக்கா வந்து குனிந்து பார்த்தாள். கோபப்படவில்லை. அதுதான் வலித்தது. "நம்மகிட்ட கோழி இல்லியே. ஒண்ணு வாங்கிட்டு வரச் சொல்லட்டுமா?" என்றாள்.

அதன்பின் சில நாள் நான் ஆம்பூர் வழியாகப் போகும்போது தலையைக் குனிந்தபடி பைக் ஓட்டினேன். இன்ஜினியர் அம்மா எந்த நாளும் வரலாம். அக்கா வேறு ஒருவரிடம் வழக்கமான சிமென்ட் பூச்சுக்குப் பேச ஆரம்பித்திருந்தாள். அது ஆடி வரை நிற்கும். இன்ஜினியர் ஆடிக்குப் பிறகு வந்தால் அக்காவின் கேட்டில் பூட்டு. எனக்குத் தெரிந்தது, அக்காவுக்கும் தெரிந்தது.

அந்த நிலையில்தான் ஒரு நாள் பேரணாம்பட்டில் ஒரு டேனரிக்குப் போனேன். டிரம் பார்த்துக்கொள்பவரிடம் என் சரக்கைப் புகழ்ந்து, "ரெண்டு சதம் போட்டாப் போதும்" என்றேன். எங்கள் தொழிலில் எல்லாமே சதம்தான். உப்பு இத்தனை சதம், அமிலம் இத்தனை சதம், தண்ணீர்கூட இத்தனை சதம். டிரம்முக்குள் ஏற்றும் தோலை எடை போடுவார்கள். மற்றதெல்லாம் அந்த எடைக்குத்தான். அவர் வழக்கமாகக் கேட்கிற கேள்வியைக் கேட்டார். "எந்த எடைக்கு சார்? சுண்ணாம்புத் தோல் எடைக்கா, சீவின எடைக்கா?"

எந்த எடைக்கு.

தோல்காரன் புத்தி எனக்கு. கடைக்காரர் எட்டு சதம் என்றதும், தோல் ஏற்றுவதுபோல, கலவைக்குள் போகும் மொத்த லோடையும் எடை போட்டேன். ஜல்லி, மணல், சிமென்ட் எல்லாவற்றையும் கூட்டி அதற்கு எட்டு சதம். லோடில் பெரும்பங்கு கல்லும் மணலும்தானே. அதனால் சிமென்ட்டில் பாதி அளவுக்குச் சிலிக்காவைக் கொட்டியிருக்கிறேன். ஜல்லியும் மணலும் டிரம்மில் வெறுமனே சுற்றுகிற கூட்டம். ரசாயனம் பிடிக்கிற தோல் எது என்றால் சிமென்ட் ஒன்றுதான்.

"சிமென்ட் எடைக்கு" என்றேன் சத்தமாக.

"இன்னா சார்?" என்றார் அவர். அன்று அங்கே ஆர்டர் கிடைக்கவில்லை. கவலைப்படவும் இல்லை. பைக்கை நேராக அக்கா வீட்டுக்கு விட்டேன்.

அவளிடம் தப்பைச் சொன்னேன். வேறு யாராக இருந்தாலும் புரிய வைக்க அரைநாள் ஆகியிருக்கும். அக்கா காலம் பூராவும் சதத்தில் வாழ்கிறவள். "சரக்கு எடைக்குப் போட வேண்டியத லோடு எடைக்குப் போட்டியா" என்று தலையில் அடித்துக்கொண்டாள். "என் டிரம்காரன் இந்தத் தப்பப் பண்ணியிருந்தா இன்னொரு வாட்டி விடுவேன். சரி. நீயும் போடு."

பழைய தரையை உடைத்து எடுத்தோம். வாடகை மிக்சர் வந்தது. ஒரு சின்ன கேனில் பழுப்புத் திரவமும் வந்தது. தண்ணீரைக் கூட்டாமல் கலவையை இளகவைப்பது அதன் வேலை. பொடி நுண்ணியது, தாகம் ஜாஸ்தி. தண்ணீரைக் கொடுத்தால் கெடும், இந்தத் திரவத்தைக் கொடுத்தால் வழிக்கு வரும். மேஸ்திரி அதற்கு டானிக் என்று பெயர் வைத்தார். பெயர் வைத்தாலும் நம்பவில்லை.

"சார், ஒரே ஒரு சொம்பு."

"கூடாது."

"அரை சொம்பு சார். கலவைக்குத் தொண்டை காயுது."

நான் தண்ணீர் டிரம்மின் மூடியைப் போட்டு, அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன். சொன்ன அளவுக்குமேல் ஒரு சொட்டும் என்னைத் தாண்டிப் போகவில்லை. அந்த முழுத் திட்டத்திலும் நான் செய்த மிகச் சிறந்த பொறியியல் பணி அதுதான்; என் உடல் எடை ஒரு காரியத்துக்குப் பயன்பட்ட முதல் சந்தர்ப்பமும் அதுதான். டானிக் உள்ளே போனது. மிக்சர் நன்றாகச் சுற்றட்டும் என்று காத்திருந்தோம். பிறகு கலவை இறங்கியது: கருஞ்சாம்பல் நிறம், வழவழப்பு, எருமைக் கன்றின் முதுகு மாதிரி ஒரு மினுமினுப்பு. மேஸ்திரி கரணையை இழுத்தார். அது ஓடியது. அவர் என்னைப் பார்க்காமல் இன்னொரு முறை இழுத்தார்.

பாதித் தரை முடிந்தபோதுதான் அடுத்த ஆபத்து வந்தது. சாதாரணக் கான்கிரீட்டில் கொஞ்ச நேரத்தில் மேலே தண்ணீர் கசிந்து நிற்கும். இதில் இடுக்கெல்லாம் அடைந்துவிட்டதால் தண்ணீர் மேலே வர வழியில்லை. மேல்பரப்பு ஈரமில்லாமல் கிடந்தது. ஷெட்டின் பக்கங்கள் திறப்பு. சித்திரை மாதக் காற்று மலைப்பக்கத்திலிருந்து அடுப்பு ஊதுவதுபோல வீசியது. போட்ட இடத்தில் தோல் காய்வதுபோல ஒரு ஏடு பிடிக்க ஆரம்பித்தது. முதல் பாய் வெடித்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று அப்போதுதான் உறைத்தது.

பக்கத்து ஷெட்டில் வெட் ப்ளூ அடுக்கு அடுக்காக இருந்தது. எல்லா அடுக்குக்கும் மேலே பெரிய பிளாஸ்டிக் ஷீட். ஓரம் காய்ந்தால் தோல் போச்சு என்பதால் எந்த டேனரியிலும் அப்படி மூடித்தான் வைப்பார்கள்.

"அக்கா, அந்த ஷீட்டு வேணும்."

"அதுக்குக் கீழ கம்பெனிக்காரன் தோலு இருக்குது."

"காஞ்சா இது வெடிச்சிடும்."

அவள் தோலைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். தோல் பிறத்தியாருடையது, கெட்டால் பதில் சொல்ல வேண்டும். தரை கெட்டால் பதில் சொல்ல டேனரியே இருக்காது. "தோலுக்கு ஈரக் கோணி போடுங்க. ஷீட்ட இங்க கொண்டாங்க" என்று குரல் கொடுத்தாள்.

அங்கே வேலை செய்யும் பெண்கள் ஷீட்டை நான்கு மூலையும் பிடித்துக்கொண்டு வந்து, உள்ளே ஒரு குமிழிகூட இல்லாமல், போடப்போட மூடிக்கொண்டே வந்தார்கள். தினமும் தோலுக்குச் செய்கிற வேலைதான். மேஸ்திரி முன்னே தேய்க்க, அவர்கள் பின்னே மூட, நான் தண்ணீர் டிரம்மின்மேல் உட்கார்ந்து எல்லோருக்கும் நன்றி தெரிவிக்கும் முகத்தோடு இருந்தேன். மறுநாளிலிருந்து ஈரக் கோணி. அக்கா காலையும் மாலையும் தானே ஓஸ் பிடித்தாள். "மாமாவுக்குக்கூட நான் இவ்ளோ தண்ணி மோந்து குடுத்ததில்ல" என்றாள்.

கோணியை நீக்கிய அன்று தரை முழுக்க ஒரு மயிரிழை விரிசல் இல்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை என்று சொல்ல ஆசை. டீக்கடை வரை போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

இன்ஜினியர் அம்மா வந்தார். தோப்புக்காரரும் வேலிக்கு அந்தப் பக்கம் கைகட்டி நின்றார். தரையைச் சுற்றி மண்மூட்டை அடுக்கித் தண்ணீர் கட்டினார்கள். சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு. பக்கத்தில் ஒரு ஸ்டீல் பேசினிலும் தண்ணீர் நிரப்பி, அதற்குள்ளும் கோடு போட்டார். "சூட்டுல கொஞ்சம் ஆவியாப் போவும். பேசின் ஒழுகாது. பேசின்ல இறங்குன அளவுதான் தரையிலயும் இறங்கணும். ஜாஸ்தி இறங்குனா ஒழுகுதுன்னு அர்த்தம்" என்றார். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

மறுநாள் காலை அக்கா சாப்பிடாமல் வந்து நின்றாள். இன்ஜினியர் ஸ்கேலை வைத்துப் பேசினை அளந்தார். பிறகு தரைக்கு வந்து அளந்தார். இன்னொரு முறை அளந்தார். இரண்டும் ஒரே அளவு; ஒரு நூல் இறங்கியிருந்தது, அவ்வளவுதான். வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற தோப்புக்காரர் கட்டிய கையைப் பிரித்து, தலையை ஒரு முறை ஆட்டிவிட்டு, தோப்புக்குள் போனார்.

இன்ஜினியர் தண்ணீருக்கு வெளியே இருந்த ஓரத்தில் குனிந்து சாவியால் கீறிப் பார்த்தார். சாவிதான் தேய்ந்து, அதன் நிறம் தரையில் ஒட்டியது. "ஆசிட்டுக்கு முன்னாடி எந்த சிமென்ட்டும் சாகாவரம் வாங்கினது இல்ல. டிரம் கொட்ற எடத்துல ஆசிட் தாங்குற டைல்ஸ் போட்டுடுங்க, தினம் கழுவி விடுங்க. ஆனா தரை நல்லா இருக்கு. இப்படியே எழுதிடறேன், நடத்துங்க" என்றார். பிறகு, "கலவை யார் சொன்னது?"

அக்கா என்னைப் பார்த்தாள். அந்த நொடியில் அவள் மேஸ்திரி என்று சொல்லியிருக்கலாம். கடைக்காரர் என்று சொல்லியிருக்கலாம்.

"என் தம்பி" என்றாள். "கெமிஸ்ட்ரி படிச்சவன்."

பட்டம் வாங்கிய அன்றுகூட அந்தப் படிப்பு எனக்கு அவ்வளவு பெரியதாகத் தெரியவில்லை. மேஸ்திரி தன் கரணையைத் துடைத்துக்கொண்டே, அடுத்த வேலைக்கும் அந்த டானிக் எங்கே கிடைக்கும் என்று கேட்டார். ஷெட்டுப் பெண்களில் ஒருத்தி, என்னைச் சித்தர் என்று நினைத்துக் கையெடுத்தவள்தான், இந்த முறை ஆள் தெரிந்தே கும்பிட்டாள். ஒரு வெற்றிக்கு இதற்குமேல் என்ன வேண்டும். நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பாலம் திறக்க வந்த மந்திரி போல நின்றேன்.

மண்மூட்டைகளை எடுத்தார்கள். தண்ணீர் பளபளவென்று தரைமேல் ஓடிக் காவாயில் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் தரை முழுக்கக் காலியாகிவிட்டது, ஒரு மூலையைத் தவிர. நான் உட்கார்ந்திருந்த தண்ணீர் டிரம் இருந்த மூலை அது. மற்ற இடமெல்லாம் முடிந்தபின் அவசரமாக என்னை எழுப்பிவிட்டு, வாட்டம் சரியாகப் பார்க்காமல் போட்ட கடைசித் துண்டு. அங்கே ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குத் தண்ணீர் நின்றது. கீழேயும் இறங்கவில்லை, காவாய்க்கும் போகவில்லை. உடைத்துச் சரிசெய்யலாம் என்றால், இனி அந்தத் தரையை உடைக்க முடியாது என்று எல்லோருக்கும் நிரூபித்துக் காட்டியவன் நானே.

அக்கா அந்தக் குட்டையின் முன்னால் போய் நின்றாள்.

"பரவால்லடா" என்றாள். "உன் கோழி வந்தா குடிக்கத் தண்ணி இருக்குது."